மக்காச்சோள விலையும் ராணுவ முகாமும்: தோழமை இயக்கம் பற்றி ஓர் அறிமுகம்

தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களை எதிர்ப்பவர்களும் ராணுவமயத்தை எதிர்ப்பவர்களும் பல நாடுகளில் ஒரே ஊர்வலத்தில் நடக்கிறார்கள். சுங்க வரிக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருபவர்கள் கேட்பது இயல்பு. பொதுப்படையாகப் பேசினால் இது விளங்காது. ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன விளைந்தது, என்ன விலை போனது, நிலம் யார் பெயரில் இருந்தது, ராணுவ வண்டி எந்தச் சாலையில் வந்தது என்று பார்த்தால் விளங்கிவிடும். மெக்சிகோவின் தெற்கே குவாத்தமாலா எல்லையை ஒட்டியிருக்கும் சியாபாஸ் மாநிலம் அதற்கு ஏற்ற இடம். த்சோத்சில், த்செல்தால் முதலிய மாயா மொழிகளைப் பேசும் மக்கள் அங்கே மலைச்சரிவுகளில் வீட்டுக்கு மக்காச்சோளமும் விற்பனைக்குக் காபியும் பயிரிடுகிறார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் போனவர்கள் முப்பது ஆண்டுகளில் சில முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதைத்தான் இங்கே விளக்கப்போகிறோம்.

விலை, நிலம், அட்டவணை

வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், அதாவது நாஃப்டா, 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சியாபாஸ் உழவர்களுக்கு அதற்கு ஐந்தாண்டு முன்பே அடி விழத் தொடங்கிவிட்டது. எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று பன்னாட்டுக் காபி உடன்படிக்கை அளவு வகுத்து, விலை சரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீட்டு முறை கைவிடப்பட்டது. சில மாதங்களில் உலகச் சந்தை விலை ஏறக்குறைய பாதியானது. அதே காலத்தில், கடன் கொடுத்துக் காபியைக் கொள்முதல் செய்துவந்த அரசு நிறுவனமான இன்மெகாஃபேயையும் மெக்சிகோ அரசு படிப்படியாக மூடியது. மலைக்கிராமத்தில் மூட்டையை வாங்க மிஞ்சியவர் இடைத்தரகர் மட்டும். அங்கே அவருக்குக் ‘கொயோட்டே’ என்று பெயர், நரி இனத்து விலங்கின் பெயர் அது.

அடுத்தது நிலம். 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆவது பிரிவு ‘எஹீதோ’ என்ற நிலமுறைக்கு இடம் தந்தது. நிலம் ஊருக்குச் சொந்தம், குடும்பங்கள் பங்கு பிரித்து உழும். அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. மெக்சிகோவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி இப்படி ஊர்ச் சொத்தாக இருந்தது. நாஃப்டாவுக்கு வழி செய்யும் விதமாக 1992 ஜனவரியில் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இனி நிலமற்றோருக்கு நிலம் பிரித்துத் தரப்படாது, இருக்கும் பங்கைத் தனிப் பட்டாவாக்கி விற்கலாம் என்றானது. நிலம் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சியாபாஸ் குடும்பங்களுக்குக் கதவு அன்றோடு சாத்தப்பட்டது.

மூன்றாவது மக்காச்சோளம். ஒரு வர்த்தக ஒப்பந்தத்தைப் படிக்கப் பழகுபவர்கள் அதன் முன்னுரையைத் தாண்டிப் பின்னிணைப்பில் உள்ள வரி அட்டவணைக்குப் போக வேண்டும். அங்கே நான்கு விவரங்களைத் தேடுங்கள்: இப்போதைய வரி எவ்வளவு, எத்தனை ஆண்டில் அது சுழியமாகிறது, வரியில்லாமல் வர அனுமதித்த அளவு எவ்வளவு, அந்த அளவு மீறினால் என்ன நடக்கும். நாஃப்டாவில் அமெரிக்க மக்காச்சோளத்துக்கு முதலாண்டில் 25 லட்சம் டன் வரை வரி கிடையாது. அதற்கு மேல் வந்தால் 200 சதவீதத்தையும் தாண்டிய வரி. 15 ஆண்டில் அது சுழியமாகும். தாளில் இது நல்ல பாதுகாப்பு. நடந்தது வேறு. அளவு மீறி வந்த சரக்குக்கு மெக்சிகோ அரசே அந்த வரியை வசூலிக்காமல் விட்டது. அமெரிக்கச் சமவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 8 டன் விளையும், அதன் மேல் அரசு மானியமும் உண்டு. மெக்சிகோவின் சராசரி 2 டன்னைச் சுற்றியே இருந்தது, மானாவாரி மலைச்சரிவில் இன்னும் குறைவு. விலைக்கு ஆதரவு தந்து உழவர்களிடம் தானியம் வாங்கி, ஏழைகளுக்கு மலிவாக விற்றுவந்த கொனாசூப்போ நிறுவனமும் 1999இல் கலைக்கப்பட்டது. கடைசி வரி 2008இல் நீங்கியபோது அது செய்தியாகக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை, அதற்குள் ஊர்கள் காலியாகி ஆட்கள் வடக்கே போயிருந்தார்கள்.

ஆகவே ஓர் ஒப்பந்தத்தை மதிப்பிடும்போது, எழுதப்பட்ட பாதுகாப்பை யார் நடைமுறைப்படுத்துவார், நடைமுறைப்படுத்தாவிட்டால் உழவர் யாரிடம் முறையிட முடியும் என்று கேளுங்கள். நாஃப்டாவில் அந்நிய முதலீட்டாளர் அரசின்மேல் வழக்குப் போடத் தனி நடுவர் மன்றம் இருந்தது. சோளம் விதைத்தவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

படை எப்படி உள்ளே வந்தது

ஒப்பந்தம் தொடங்கிய அதே நாள் விடியலில், நிலமும் உரிமையும் கேட்டு எழுந்த மாயா உழவர்களின் ஆயுத அமைப்பான சபாடிஸ்டா படையினர், சியாபாஸின் சான் கிறிஸ்டோபால், ஒகோசிங்கோ உள்ளிட்ட ஊர்களைக் கைப்பற்றினார்கள். பன்னிரண்டு நாள் சண்டை. மெக்சிகோ நகரில் பெருங்கூட்டம் திரண்டு போரை நிறுத்தச் சொன்னது. ஜனவரி 12 அன்று அரசு போர்நிறுத்தம் அறிவித்தது. துணைநிற்பதன் முதல் பலனாக அந்த நாளைத்தான் நாங்கள் கணக்கில் கொள்வோம்.

அதே ஆண்டு டிசம்பரில் மெக்சிகோவின் நாணயமான பெசோ சரிந்தது. அமெரிக்கா முன்னின்று ஏறக்குறைய 5,000 கோடி டாலர் மீட்புக் கடனுக்கு ஏற்பாடு செய்தது. 1995 ஜனவரியில் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கிக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பு, நாட்டின் நிலப்பரப்பும் பாதுகாப்பும் தன் கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்ட மெக்சிகோ அரசு சபாடிஸ்டாக்களை ஒழிக்க வேண்டியிருக்கும் என்றது. அது வெளியே கசிந்ததும், வங்கியின் கருத்து அதுவல்ல என்று வங்கி விலகிக்கொண்டது. பிப்ரவரி 9 அன்று ராணுவம் சபாடிஸ்டா கிராமங்களுக்குள் நுழைந்தது. குறிப்பைப் படித்துத்தான் படை புறப்பட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் கூடாது. முதலீட்டுக்கு முன்நிபந்தனையாக அடங்கிய நிலப்பரப்பை எதிர்பார்க்கும் மனப்போக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. வர்த்தகத்தையும் ராணுவத்தையும் ஒரே பேச்சில் பேசுவதன் நியாயம் இங்கே இருக்கிறது.

முகாம் வந்த பிறகு ஊர் மாறிவிடும். சோதனைச் சாவடியில் காபி மூட்டை ஒரு நாள் நின்றால் ஈரம் ஏறும். பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் தனியே போகப் பயப்படுவார்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது, ராணுவத்தின் நிழலில் வளர்ந்த துணை ஆயுதக் குழுக்கள். 1997 டிசம்பர் 22 அன்று செனல்ஹோ வட்டாரத்தில் அக்தேயால் என்ற சிற்றூரில், சிற்றாலயத்தில் பிரார்த்தனையில் இருந்த 45 பேரை அப்படிப்பட்ட குழு கொன்றது. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இறந்தவர்கள் ‘லாஸ் அபேஹாஸ்’, அதாவது தேனீக்கள், என்ற அகிம்சை அமைப்பைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கையில் ஆயுதமே இல்லை. சற்றுத் தொலைவில் காவலர்கள் இருந்தும் வரவில்லை. இரண்டு வாரத்துக்குள், 1998 ஜனவரி 3 அன்று, சொயெப் என்ற அகதி முகாமுக்குள் நுழைந்த சிப்பாய்களை த்சோத்சில் பெண்கள் வெறுங்கையால் நெட்டித் தள்ளினார்கள்.

துணைக்குப் போவது

இருட்டில் போகிறவருடன் ‘துணைக்கு வருகிறேன்’ என்று சொல்வோமே, இந்த முறை ஏறக்குறைய அதுதான். ஆயுதம் ஏந்தாத வெளியாள் ஒருவர் அச்சுறுத்தலில் இருக்கும் ஊரில் போய்த் தங்குகிறார். 1981இல் தொடங்கிய பன்னாட்டு அமைதிப் படையணிகள் என்ற அமைப்பு இதை முறைப்படுத்தியது. முதலில் குவாத்தமாலாவில், பிறகு வேறு நாடுகளில். 1989இல் இலங்கைக்கும் வந்தது. காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்த வழக்கறிஞர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த வழக்கறிஞர்களுக்குத் துணையாகத்தான் அவர்கள் அங்கே பணியைத் தொடங்கினார்கள். 1998 வரை இருந்தார்கள்.

சியாபாஸில் 1995 படையெடுப்புக்குப் பிறகு கிராமங்களில் அமைதி முகாம்கள் முளைத்தன. ஆயர் சாமுவேல் ரூயிஸ் 1989இல் நிறுவிய ஃபிராய் பர்த்தோலோமே தே லாஸ் காசாஸ் மனித உரிமை மையம் அங்கே பார்வையாளர் குழுக்களை அனுப்பிவருகிறது. ஒழுங்கு இதுதான். முதலில் ஊர் கேட்க வேண்டும். அழைப்பில்லாமல் யாரும் போவதில்லை. போக விரும்புபவர் வயது வந்தவராக இருக்க வேண்டும், ஸ்பானிய மொழி பேச வேண்டும், தன் நாட்டில் இருக்கும் ஓர் அமைப்பின் பரிந்துரைக் கடிதத்தோடு வர வேண்டும். பயிற்சி முடிந்தபின் சிறு குழுவாக ஊருக்குப் போய் இரண்டு வாரம் போலத் தங்குவார்கள். சாப்பாட்டுச் செலவு அவர்களுடையது. மது கூடாது, பரிசுப்பொருள் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, ஊர்க் கூட்டத்தில் கருத்துச் சொல்லக் கூடாது. கடைசி விதி பலருக்குக் கசக்கும். ஆனால் முடிவு தவறிப்போனால் சாகப்போவது ஊரார், விமானம் ஏறிப் போகிறவர் அல்லர்.

வேலையின் பெரும்பகுதி உட்கார்ந்து எழுதுவது. ஒரு ராணுவ வாகன வரிசை கடந்தால்: நாள், வந்த நேரம், போன நேரம், எந்தத் திசை, எந்த வகை வண்டி எத்தனை, பதிவெண், ஆட்கள் எத்தனை, சீருடையில் எந்தப் படைப்பிரிவின் அடையாளம், என்ன செய்தார்கள். எண்ண முடியவில்லையென்றால் ‘நிறைய’ என்று எழுதாதீர்கள், ‘குறைந்தது 20’ என்று எழுதுங்கள். கண்ணால் கண்டதையும் ஊரார் சொன்னதையும் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள். ஊராரின் பெயரை மட்டும் அந்த நோட்டில் எழுதவே கூடாது. சாவடியில் நோட்டுப் பறிபோனால் அதுவே ஆள்பிடிக்கும் பட்டியலாகிவிடும். கைபேசியில் எடுக்கும் படத்தில் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதை முன்பே அணைத்துவிட வேண்டும்.

வெறுமனே ஒருவர் உட்கார்ந்திருப்பது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? அவர் எழுதியது சான் கிறிஸ்டோபால் நகர அலுவலகத்துக்குப் போகும். அங்கே சரிபார்த்து, பல நாடுகளில் உள்ள குழுக்களுக்கு அவசரச் செய்தி போகும். அவர்கள் மெக்சிகோ தூதரகத்துக்கும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுவார்கள். இந்தச் சங்கிலி முழுதாக இருப்பதை எதிரிலிருக்கும் படை அதிகாரி நம்பினால்தான் அவர் கை தயங்கும். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் பார்வையாளர் வெறும் வேடிக்கை பார்ப்பவர்தான். அவசரச் செய்தி ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது: யாருக்கு, எங்கே, எப்போது, என்ன நடந்தது, யாரிடம் என்ன கேட்க வேண்டும். உறுதி செய்யாத செய்தி ஒருமுறை வெளியே போய்ப் பொய்யானால், அடுத்த உண்மைச் செய்தியை யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. சீருடை போட்ட படைக்கு மேலதிகாரி உண்டு, அவருக்கு அமைச்சர் உண்டு, அமைச்சருக்கு வெளிநாட்டில் காக்க வேண்டிய பெயர் உண்டு. துணை ஆயுதக் குழுவுக்கு அப்படி எதுவும் இல்லை. அக்தேயால் பகுதி பற்றி முன்கூட்டியே எச்சரிக்கைகள் போயிருந்தும் படுகொலை நடந்தது. அண்மை ஆண்டுகளில் சியாபாஸ் சாலைகளைப் போதைக் கடத்தல் கும்பல்கள் பிடித்திருக்கின்றன. தூதரகக் கடிதம் அவர்களை அசைக்காது. எங்கே போகக் கூடாது என்பதை ஊராரும் மையமும் சொல்வதே முடிவு.

வெளிநாட்டவருக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. மெக்சிகோ அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு, நாட்டின் அரசியல் விவகாரங்களில் வெளிநாட்டவர் தலையிடுவதைத் தடுக்கிறது. 1998இல் அதைக் காட்டிப் பல பார்வையாளர்களை நாடுகடத்தினார்கள். சுற்றுலா விசாவில் வந்து ஊர்வலத்தில் பதாகை பிடித்தால் அடுத்த நாள் அந்த ஊருக்குக் கண் இல்லாமல் போகும்.

காபி வாங்குவதில் உள்ள கணக்கு

விலைதான் நோயின் வேர் என்றால் மருந்தும் விலையில் இருக்க வேண்டும். தேனீக்கள் அமைப்பின் உறுப்பினர்கள் படுகொலைக்குப் பிறகு ‘மாயா வினிக்’ என்ற காபிக் கூட்டுறவை அமைத்தார்கள். சபாடிஸ்டா ஊர்களும் தங்களுக்கென்று கூட்டுறவுகள் தொடங்கின. ஜெர்மனியின் ஹம்பர்க் போன்ற நகரங்களில் தோழமைக் குழுக்கள் அந்தக் காபியை வாங்கி விற்றன.

உழவருக்குக் குறைந்தபட்ச விலையை உறுதி செய்யும் நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரையின் கணக்கைப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் முதல், கழுவிய அராபிகா வகைக்குக் குறைந்தபட்ச விலை பவுண்டுக்கு 1.80 டாலர். ஊர் நிதிக்கு 20 சென்ட், இயற்கை முறையில் விளைந்ததென்றால் இன்னும் 40 சென்ட். ஆக 2.40 டாலர். கப்பலில் ஒரு கொள்கலன் என்பது 69 கிலோ மூட்டைகள் 250, அதாவது 17 டன்னுக்குச் சற்று மேல், பவுண்டுக் கணக்கில் 38,000. மொத்தம் ஏறக்குறைய 91,000 டாலர். ஒரு குடும்பம் 300 கிலோ பச்சைக் கொட்டை, அதாவது வறுக்காத கொட்டை, தருமென்று வைத்தால் 58 குடும்பம் சேர்ந்தால்தான் ஒரு கொள்கலன் நிறையும்.

சிக்கல் இங்கேதான் வரும். அறுவடைக் காலத்தில் குடும்பத்துக்குக் கையில் காசு வேண்டும். கொயோட்டே முற்றத்தில் வந்து ரொக்கம் தருவார். கூட்டுறவு சரக்குக் கப்பல் ஏறிய பிறகுதான் தர முடியும். உறுப்பினர்கள் பாதி மூட்டையை அவரிடம் போட்டுவிட்டால் கொள்கலன் நிறையாது, ஒப்பந்தம் முறியும், அடுத்த ஆண்டு வாங்குபவர் வர மாட்டார். அதனால் முன்பணம்தான் தோழமையின் உண்மையான சோதனை. நியாய வணிக விதிப்படி ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணம் கேட்கலாம். மேற்சொன்ன கொள்கலனுக்கு அது 54,000 டாலருக்கு மேல். அதை அறுவடைக்கு முன்பே திரட்டிக் கொடுக்க முடியாத குழு, முத்திரை ஒட்டிய பொட்டலம் விற்பதோடு நின்றுவிடும். 2025 தொடக்கத்தில் நடந்ததுபோல் சந்தை விலை 4 டாலரைத் தாண்டும்போதும் கூட்டுறவு தடுமாறும், ஏனென்றால் அப்போது கொயோட்டே அதிகம் தருவார்.

தரத்திலும் கவனம் வேண்டும். சிவந்த பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும், பிறகு ஒரு நாளுக்கு முன்பின்னாக நொதிக்கவிட்டுக் கழுவி உலர்த்த வேண்டும். நொதிப்பு மிஞ்சினால் புளிப்பேறும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் நின்றால் கப்பலில் பூஞ்சை பிடிக்கும். பரிதாபப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். நல்ல காபியென்றால் திரும்ப வருவார்.

அவரவர் நாட்டு அரசைப் பிடிப்பது

அமெரிக்காவில் இருந்தவர்களுக்குச் சியாபாஸ் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. போதைப்பொருள் ஒழிப்புக்கென்று அமெரிக்கா தந்த ஹெலிகாப்டர்கள் 1994இல் படையினரைச் சியாபாஸுக்கு ஏற்றிச் செல்லப் பயன்பட்டன. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பே இதைப் பதிவு செய்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங்கில் இருந்த ‘அமெரிக்கக் கண்டங்களின் பள்ளி’ என்ற ராணுவக் கல்லூரியில் மெக்சிகோ அதிகாரிகளும் பயிற்சி பெற்றார்கள். பாதிரியார் ராய் புர்ஷ்வா 1990இல் தொடங்கிய இயக்கம் அதன் வாசலில் ஆண்டுதோறும் நவம்பரில் கூடி, அங்கே பயின்றவர்களால் கொல்லப்பட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்துவந்தது. கல்லூரி 2001இல் பெயரை மாற்றிக்கொண்டது, மூடப்படவில்லை.

1997இல் வந்த லேஹி சட்டம் இன்னொரு கைப்பிடி. கடுமையான மனித உரிமை மீறல் செய்ததாக நம்பகமான தகவல் உள்ள படைப்பிரிவுக்கு அமெரிக்க உதவி போகக் கூடாது என்பது சட்டம். ‘ராணுவம் அட்டூழியம் செய்தது’ என்று எழுதினால் இந்தச் சட்டம் அசையாது. எந்தப் படைப்பிரிவு, எந்த நாள், எந்த இடம் என்று வேண்டும். மலைக்கிராமத்தில் ஒருவர் நோட்டில் குறித்த சீருடை அடையாளம் வாஷிங்டனில் பயன்படுவது இந்த இடத்தில்தான்.

உதவி உபத்திரவமாகும்போது

ஆண்டுக்கணக்கில் வந்த நன்கொடைப் பெட்டிகளில் பழுதான கணினிகளும் காலாவதியான மருந்துகளும் இருந்ததை சபாடிஸ்டா செய்தித் தொடர்பாளர் மார்க்கோஸ் 2003இல் எழுதினார். ஒரு பெட்டியில் உயரக் குதிகால் வைத்த இளஞ்சிவப்புக் காலணி, அதுவும் ஒற்றைக் காலுக்கு மட்டும். சேற்றுப் பாதையில் நடக்கும் மக்களுக்கு வந்த பொருள் அது. இன்னொரு கேடு இதைவிட ஆழமானது: சாலையோர ஊருக்கும் பெயர் தெரிந்த ஊருக்குமே உதவி குவிந்தது, உள்மலை ஊர்களுக்குப் போகவில்லை. ஊர்களுக்கிடையே பொறாமை வளர்ந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சபாடிஸ்டாக்கள் தங்கள் ஊர்களைத் தாங்களே ஆள ஐந்து வட்டார மையங்களில் நல்லாட்சிக் குழுக்களை அமைத்தார்கள். வெளியார் திட்டம் எதுவானாலும் குழுவிடம்தான் வர வேண்டும், எந்த ஊருக்கு என்பதைக் குழு சொல்லும், திட்டச் செலவில் 10 சதவீதம் வேறு ஊர்களுக்காகப் பொது நிதிக்குப் போகும். கொடுப்பவர் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தார். அதைப் பொறுக்காமல் விலகியவர்களும் உண்டு. எங்கள் பார்வையில், தோழமைக்கும் தானதர்மத்துக்கும் இடையே கோடு விழும் இடம் இதுதான். அந்தக் குழு அமைப்பு 2023இல் கலைக்கப்பட்டு ஊர் அளவிலான சிறு ஆட்சிக் குழுக்களாக மாற்றப்பட்டது. இப்போது போகிறவர்கள் பழைய வழிகாட்டியை நம்பிப் போகக் கூடாது.

சியாபாஸிலிருந்து வெளியே

1996இல் சபாடிஸ்டாக்கள் கூட்டிய பன்னாட்டுச் சந்திப்பிலிருந்து மக்களின் உலகச் செயற்பாடு என்ற கூட்டிணைப்பு பிறந்தது. 1998 பிப்ரவரியில் ஜெனீவாவில் அது தொடங்கியபோது, நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் என்ற உழவர் அமைப்பும் முன்னணியில் இருந்தது. 1999இல் நூற்றுக்கணக்கான இந்திய உழவர்கள் ஐரோப்பா முழுதும் பயணம் போய் உலக வர்த்தக அமைப்பை எதிர்த்துப் பேசினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் இரண்டாவது மாநாடு பெங்களூரில் நடந்தது.

கிராமத்தில் போராட்டம் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. 1999 ஆகஸ்டில் அமதோர் ஹெர்னாந்தெஸ் என்ற காட்டு ஊரில், சாலை போடுவதற்குக் காவல் என்று படை இறங்கியது. ஊரார் முள்வேலிக்கு முன்னால் தினமும் கூடிச் சிப்பாய்களிடம் பேசினார்கள். பேச்சுக் கேட்காமலிருக்க ராணுவம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டது. 2000 ஜனவரியில் ஊரார் தாளில் கடிதம் எழுதி, விமானமாக மடித்து, வேலிக்கு மேலே எறிந்தார்கள். சபாடிஸ்டாக்கள் மூடக் கேட்ட ஏழு முகாம்களில் அதுவும் ஒன்று. 2001 ஏப்ரலுக்குள் ஏழும் மூடப்பட்டன.

நாஃப்டாவின் இடத்தில் 2020 ஜூலை 1 முதல் புதிய ஒப்பந்தம் இருக்கிறது. ரொட்டிக்கும் மாவுக்கும் மரபணு மாற்றிய மக்காச்சோளம் கூடாது என்று மெக்சிகோ போட்ட தடையை, அந்த ஒப்பந்தத்தின் நடுவர் குழு 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. மெக்சிகோ 2025 மார்ச்சில் அத்தகைய விதையை நாட்டில் விதைப்பதற்கு அரசியலமைப்பிலேயே தடை எழுதியது. இறக்குமதிக்கு அந்தத் தடை இல்லை.